இறக்கைக்குப் பட்டி பார்த்த சனிக்கிழமைகள்

புது வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்கும் முன் பட்டி பார்ப்பதை நாம் எல்லாரும் கண்டிருப்போம். மேடுபள்ளங்களை வெள்ளை மாவால் நிரப்புவார்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். ஜொகூரிலும் ஈப்போவிலும் கார் 'கெத்தோக்' பட்டறைகளில் அடிபட்ட கதவுக்கு நடப்பதும் இதே வேலைதான்.

விமானத்தின் இறக்கைக்கும் பட்டி பார்ப்பார்கள் என்று சொன்னால் பலரும் சிரிக்கிறார்கள். தொழிற்சாலையில், பளபளப்பான அச்சுக்குள் செய்து எடுக்கும் பாகத்துக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் ஒருவர் தம் கார்க் கொட்டகையில், தம் கையாலேயே கட்டும் கலப்பிழை விமானத்துக்கு அதுதான் ஆக நீண்ட வேலை. அலுப்பூட்டும் வேலையும் அதுதான். சில இடங்களில் உயிர் சம்பந்தப்பட்ட வேலையும்கூட.

நான் சிலேத்தாரில் விமானப் பாகங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். கண்ணாடி இழை, கரிம இழை, எபோக்சி பசை ஆகியவற்றோடுதான் என் பகல் பொழுது போகிறது. வேலை நிமித்தமாகக் கலிஃபோர்னியாவில் ஈராண்டு தங்கியிருந்தபோது, மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சிறிய விமானத் திடலில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். 'லாங்-ஈஸி' என்ற இரண்டு இருக்கை விமானத்தை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் போய் அவருக்குக் கை கொடுத்தேன்.

நான் சேர்ந்தபோது விமானம் விமானமாகவே நின்றது. இறக்கை, சக்கரம், இயந்திரம் எல்லாம் இருந்தன. "இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டேன். வீட்டில் விமானம் கட்டுவோர் எல்லாரும் சொல்லும் பழைய வேடிக்கையையே அவரும் சொன்னார். "தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது. இன்னும் தொண்ணூறு விழுக்காடுதான் பாக்கி!"

அச்சு இல்லாமல் பிறக்கும் இறக்கை

இந்த வகை விமானத்தின் கதை பர்ட் ரூட்டன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரிடம் தொடங்குகிறது. அவருடைய 'வேரி-ஈஸி' 1975ல் பறந்தது. அதைவிடச் சற்றுப் பெரிய 'லாங்-ஈஸி' 1979ல் பறந்தது. இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி ஏறத்தாழ 8 மீட்டர். வெறும் எடை 320 கிலோ அளவில்தான் இருக்கும். பெரிய இறக்கை பின்னால், சிறிய இறக்கை மூக்கருகே, உந்துவிசிறி வாலில் என்று பார்ப்பதற்குப் பின்பக்கமாகப் பறப்பதுபோல் இருக்கும். ரூட்டன் விமானத்தை விற்கவில்லை. வரைபடங்களையும் படிப்படியான செய்முறை நூலையும் விற்றார். 1985ல் அந்த விற்பனையையும் நிறுத்திக்கொண்டார். அப்போது வாங்கிய வரைபடங்களை வைத்து இன்றும் சிலர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டுமானத்தின் பெரும்பகுதியைத் தனியாட்கள் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ தாங்களே செய்திருந்தால், அதைச் 'சோதனை' வகை விமானமாகப் பதிந்து பறக்கலாம். 1953ல் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இத்தகையோருக்குத் தாய்வீடு. ஆண்டுதோறும் கோடையில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் அவர்கள் கூட்டும் சந்தைக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்கும்.

ரூட்டனின் முறையில் அச்சு கிடையாது. பழச்சாறு விற்பவர் பனிக்கட்டி வைக்கும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, ஏறக்குறைய அந்த இனத்து நுரைப்பலகையைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவில் அறுப்பார்கள். வெண்ணெயைக் கத்தி வெட்டுவதுபோல் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். அந்த நுரையின்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, எபோக்சியில் நனைத்து, மிஞ்சிய பசையை ரப்பர்த் தகட்டால் வழித்து எடுத்துவிடுவார்கள். பலம் தருவது இழை. பசை இழைகளைப் பிடித்து வைக்கத் தேவையான அளவுக்கு மட்டும் இருக்கவேண்டும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் வீண் சுமை.

இறுகியதும் கையில் இறக்கை கிடைத்துவிடும். ஆனால் அதன் மேற்பரப்பு சாக்குத்துணியைப் போல் சொரசொரவென்று இருக்கும். துணியின் பின்னல் அப்படியே தெரியும். துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் மேடு. நுரை கொஞ்சம் அமுங்கிய இடத்தில் பள்ளம். அச்சில் செய்தால் வெளிப்பரப்பு முதலில் அமைந்துவிடும். இங்கே அது கடைசியில்தான் அமைகிறது. அதை அமைத்துக் கொடுப்பதுதான் பட்டி.

பட்டியின் பதம்

கடையில் கிடைக்கும் கார்ப் பட்டியை இதற்குப் போட முடியாது. கனம் அதிகம். இங்கே எபோக்சியோடு 'மைக்ரோபலூன்' என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள். கண்ணுக்கு மைதா மாவுபோல் தெரியும் அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் உள்ளே வெற்றிடமான கண்ணாடிக் குமிழ். பொடி சேரச் சேரப் பட்டியின் கனம் குறையும், தேய்ப்பதும் எளிதாகும்.

பதம் முக்கியம். தோசை மாவுப் பதத்தில் இருந்தால் வழிந்துவிடும், பசையும் அதிகம் என்று பொருள். கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல், குத்திட்டு நிற்கும் மாவாக இருக்கவேண்டும். பெரியவர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பூசத் தொடங்குவார்.

ஏன் இவ்வளவு கணக்கு? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பூசினால் ஒரு லிட்டர் பட்டி செலவாகும். இருபது சதுர மீட்டருக்கு அதே தடிப்பில் பூசினால் இருபது லிட்டர். வெறும் எபோக்சி லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். பொடி நிறையச் சேர்த்த பட்டி அதில் ஏறக்குறைய பாதிதான். பதம் தவறினால் விமானம் பத்துக் கிலோ கூடிவிடும். வெறும் எடையே 320 கிலோ இருக்கும் விமானத்தில் பத்துக் கிலோ என்பது எரிபொருளில் கை வைக்கும் பேச்சு.

இன்னொன்று, எபோக்சி இறுகும்போது சூடாகும். குறுகலான கிண்ணத்தில் நிறையக் கலந்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகை கிளம்பிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்து எடுக்கவேண்டும். நம் ஊர் வெயிலில் இதற்கு இன்னும் கூடுதல் அவசரம் காட்டவேண்டியிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. சில வகை எபோக்சி இறுகியபின் மேலே மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் ஒட்டாது. மொஹாவியின் வறண்ட காற்றில் அந்தக் கவலை குறைவு.

நீளப் பலகையும் விரல் நுனியும்

பட்டி இறுகிய மறுநாள் தேய்ப்பு தொடங்கும். இங்கேதான் புதியவர்கள் இயந்திரத்தைத் தேடுவார்கள். சுழலும் இயந்திரம் வேகமாகத் தேய்க்கும், ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தேய்க்கும். கையால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தாலும் அப்படித்தான். விரல்கள் பள்ளத்துக்குள் இறங்கிப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கிவிடும்.

இதற்கு வேண்டியது நீளப் பலகை. ஒரு முழத்துக்கு மேல் நீளமான, வளையாத பலகையின் அடியில் உப்புத்தாளை ஒட்டிக்கொள்வார்கள். பலகை பள்ளத்தின்மேல் பாலம்போல் நிற்கும். மேட்டை மட்டும் சீவும். முதலில் 40ஆம் எண் கரடுமுரடான தாள், பிறகு 80, அதன்பிறகு 120, கடைசியில் முதற்சாயத்தின்மேல் 220, 320 என்று மெதுவாகக் குறையும் கரகரப்பு. இறக்கையின் நீளத்துக்குக் குறுக்காக, சாய்கோட்டில் ஒரு முறை. பிறகு எதிர்ச் சாய்கோட்டில் ஒரு முறை. ஒரே திசையில் தேய்த்தால் அந்தத் திசையிலேயே வாய்க்கால் விழும்.

பள்ளம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கறுப்புச் சாயத்தை மெல்லிய தூறலாகத் தெளித்துவிட்டுத் தேய்ப்பது. மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். மற்றொன்று, கொட்டகையை இருட்டாக்கிவிட்டு நீளக் குழல்விளக்கை இறக்கையின் மட்டத்துக்குப் பிடிப்பது. பகலில் தெரியாத அலைகளெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும்.

இவை இரண்டையும்விடப் பெரியவர் தம் விரல்களையே நம்பினார். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இறக்கையின் குறுக்கே உள்ளங்கையை நகர்த்துவார். வெறும் கையில் சொரசொரப்புதான் முதலில் உறைக்கும். துணி அந்தச் சொரசொரப்பை மறைத்துவிட, மேடுபள்ளம் மட்டும் கைக்குத் தெரியும். "இதோ" என்று அவர் பென்சிலால் வட்டமிடும் இடத்தில் விளக்கைப் பிடித்தால், நிழல் அங்கேதான் இருக்கும்.

வெள்ளைக்குள் ஒரு பச்சைத் திட்டு

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பட்டியைத் தேய்க்கலாம், கண்ணாடி இழையைத் தேய்க்கக்கூடாது. பட்டி ஒட்டுவதற்காக இழையின் பளபளப்பை எடுக்க மேலோட்டமாக உரசலாம். அதோடு சரி.

காரணம் எளிது. இறக்கையின் நீளவாக்கில், நுரையில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் இழை நாடாக்களை அடுக்கடுக்காகப் படுக்க வைத்திருப்பார்கள். விமானத்தின் முதுகெலும்பு அதுதான். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அடிப்பக்க நாடா இழுபடும், மேல்பக்க நாடா நசுக்கப்படும். அந்த விசையை இழைகள்தான் தாங்குகின்றன. அதன்மேல் போர்த்தியிருக்கும் தோல் துணியின் ஓர் அடுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். 40ஆம் எண் தாளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரு நிமிடம் போதும்.

ஒரு சனிக்கிழமை, மூக்கருகே உள்ள முன்னிறக்கையின் மேற்புறத்தை நான் ஒரு முனையிலும் அவர் மறுமுனையிலும் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவர் பக்கத்தில், வெண்மையான பட்டிக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. கண்ணாடி இழையின் நிறம் அது. முதுகெலும்பு நாடா அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் அடுக்கிய நாடா.

பலகையை இன்னும் பத்து இழுப்பு இழுத்தால் மேடு மறைந்துவிடும். பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். சாயம் அடித்தால் உலகில் யாருக்கும் தெரியாது. சோதிக்க வரும் அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது.

அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டார். வரைபடத்தோடு வந்த உருவரை அட்டையை எடுத்து வந்து இறக்கையின்மேல் பொருத்தினார். இரு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து தாளில் குறித்துக்கொண்டார். மேட்டை இறக்க முடியாது என்றால் சுற்றுப்புறத்தை உயர்த்தவேண்டும். அந்த அரை மில்லிமீட்டருக்காக முன்னிறக்கையின் மேற்புறம் முழுவதற்கும் மறுபடி பட்டி போட்டோம். மறுபடி தேய்த்தோம். மூன்று சனிக்கிழமைகள் போயின. கூடிய எடை கால் கிலோவுக்கும் குறைவு.

மூன்றாவது சனிக்கிழமை மதியம், "இதை யாராவது பார்க்கவா போகிறார்கள்?" என்று கேட்டேன். தோள் வலி கேட்க வைத்தது.

"நான் பட்டி போட்டது கொஞ்சம் மோசமாக இருந்தால் வெளியே தெரியும், திருத்தலாம்" என்றார். "இழையை அறுத்துவிட்டுச் சாயம் அடித்தால் யாருக்கும் தெரியாது. ஐந்து வருடத்தில் எனக்கே மறந்துபோகும். ஆனால் பின் இருக்கையில் என் மனைவி உட்கார்ந்திருப்பாள்."

வழவழப்பு எதற்கு?

அழகுக்காக மட்டும் யாரும் இத்தனை மாதம் தேய்ப்பதில்லை. இறக்கையை ஒட்டி ஓடும் காற்று முதலில் படலம் படலமாக, அமைதியாக ஓடும். எங்காவது ஒரு மேடோ அலையோ குறுக்கிட்டால் கலைந்து சுழலத் தொடங்கும். கலைந்த காற்று இறக்கையை அதிகமாக உரசி இழுக்கும். அமைதியான ஓட்டம் எவ்வளவு தூரம் நீடிக்கிறதோ, அவ்வளவு எரிபொருள் மிச்சம், அவ்வளவு வேகம்.

1980களின் தொடக்கத்தில் நாசாவின் லேங்லி ஆய்வுக்கூடத்தினர் வேரி-ஈஸி, லாங்-ஈஸி உள்ளிட்ட விமானங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அந்துருண்டை போல் தானாக ஆவியாகும் ஒரு வேதிப்பொருளை இறக்கையில் பூசிப் பறந்தார்கள். காற்று கலைந்து ஓடும் இடத்தில் பூச்சு சீக்கிரம் மறைந்துவிடும். அமைதியாக ஓடும் இடத்தில் தங்கிவிடும். கையால் கட்டிய கலப்பிழை இறக்கைகளில் அமைதியான ஓட்டம் கணிசமான தூரம் நீடிப்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். முன்விளிம்பில் ஒரு பூச்சி மோதி ஒட்டிக்கொண்டால்கூட, அதன் பின்னால் ஆப்பு வடிவில் காற்று கலைந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் மைக் ஆர்னல்டு என்பவர் தாமே வடிவமைத்துக் கட்டிய 'ஏஆர்-5' என்ற ஒற்றை இருக்கை விமானம் இதற்கு இன்னொரு சாட்சி. அதன் இயந்திரம் 65 குதிரைத்திறன்தான். 1992ல் அது மணிக்கு 343 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, தன் எடைப் பிரிவில் உலகச் சாதனை படைத்தது. பெரிய இயந்திரம் செய்யவேண்டிய வேலையை ஒழுங்கான வடிவமும் வழவழப்பான பரப்பும் செய்துகொடுத்தன.

ஆனால் வழவழப்பை மட்டும் நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. முதல் லாங்-ஈஸி விமானங்களின் முன்னிறக்கைக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். மழையில் நனைந்தால் அதன் தூக்குவிசை குறைந்து, மூக்கு கீழே தாழப் பார்க்கும். விமானி பிடியை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கவேண்டும். பின்னர் ஜான் ரான்ஸ் என்ற வல்லுநர் மழையைப் பொருட்படுத்தாத புதிய வடிவத்தைக் கொடுத்தார். 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றிவந்த ரூட்டனின் 'வாயேஜர்' விமானத்துக்கும் மழைத் தொல்லை இருந்தது. அதன் முன்னிறக்கையில் சிறு சிறு துடுப்புகளை வரிசையாக ஒட்டி, காற்றை வேண்டுமென்றே கலக்கி ஓடவிட்டு அதைச் சரிசெய்தார்கள்.

தூசும் தோலும்

இந்த வேலையில் கவனிக்கவேண்டிய இன்னொன்று நம் உடம்பு. கண்ணாடித் தூசு தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். மைக்ரோபலூன் பொடி மிக இலேசானது, காற்றில் நெடுநேரம் மிதக்கும், சுவாசத்தோடு உள்ளே போகும். தேய்க்கும்போது மட்டுமல்ல, கலக்கும்போதும் முகக்கவசம் வேண்டும்.

எபோக்சியை இறுக்கும் திரவம் சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும். முதலில் ஒன்றும் தெரியாது. பல மாதம் வெறும் கையோடு வேலை செய்தபின் ஒரு நாள் தோல் சிவந்து தடிக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. பாதி கட்டிய விமானத்தை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. கையுறையைச் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் இளையர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

சாயத்தின் எடை

பட்டி முடிந்ததும் ஊசித்துளைகளை அடைத்து, முதற்சாயம் போட்டு, மேற்சாயம் அடிப்பார்கள். முதற்சாயம் வெயிலின் புற ஊதாக் கதிரை மறிக்கவேண்டும், இல்லாவிட்டால் எபோக்சி நாளடைவில் கெட்டுவிடும். மேற்சாயம் பெரும்பாலும் வெள்ளைதான். கலப்பிழை விமானங்கள் ஒரே நிறத்தில் நிற்பதைப் பார்த்து இவர்களுக்கு ரசனை இல்லை என்று நினைக்கவேண்டாம். பாலைவன வெயிலில் கறுப்புப் பரப்பு 90 டிகிரி செல்சியசையும் எட்டக்கூடும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் நுரையும் எபோக்சியும் இளகத் தொடங்கும்.

கடைசிச் சோதனை தராசில் நடக்கும். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் 'எலிவேட்டர்' தட்டு, கீலுக்கு முன்னும் பின்னும் எடை சமன்பட்டு இருக்கவேண்டும். பின்பக்கம் பட்டியும் சாயமும் கூடிப்போனால், வேகமாகப் பறக்கும்போது அது படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். அந்தப் படபடப்பு சில நொடிகளில் விமானத்தையே பிய்த்துவிடும். அதனால் சாயம் காய்ந்ததும் தட்டைக் கீலில் தொங்கவிட்டு, வரைபடம் சொல்லும் கோணத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பெரியவரின் வலப்பக்கத் தட்டு முதலில் நிற்கவில்லை. சாயத்தைத் தேய்த்து எடுத்து, இன்னும் மெலிதாக அடித்தபின்தான் நின்றது.

முதல் பறப்புக்கு முன்பே என் ஒப்பந்தம் முடிந்து சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு படம் அனுப்பியிருந்தார். கட்டாயச் சோதனைப் பறப்பு மணிநேரங்கள் முடிந்துவிட்டன, பின் இருக்கையில் மனைவி உட்கார்ந்திருந்தார். படத்துக்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை.

நம் பக்கத்தில் இத்தகைய விமானங்கள் அரிது. ஆனால் கலப்பிழை வேலை நமக்குப் புதிதல்ல. மலாக்காவின் பத்து பெரண்டாமில் 'ஈகள் 150' என்ற இரண்டு இருக்கைக் கலப்பிழை விமானத்தைக் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமிலும் சுபாங்கிலும் பெரிய பயணிகள் விமானங்களுக்கான கலப்பிழைப் பாகங்கள் உருவாகின்றன. கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு இதில் நல்ல தொழில் இருக்கிறது.

அடுத்த முறை சாங்கியில் நடக்கும் விமானக் கண்காட்சிக்கோ லங்காவிக்கோ குடும்பத்தோடு போனால், சிறிய விமானம் ஒன்றின் இறக்கை நுனியில் நின்று, குனிந்து, உடற்பகுதியை நோக்கி நீளவாக்கில் பாருங்கள். கூரை விளக்கின் பிம்பம் இறக்கையில் நேர்க்கோடாக ஓடுகிறதா, நெளிகிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கையால் தடவிப் பார்க்க ஆசை வரும். அனுமதி கேட்டுவிட்டுத் தொடுங்கள்.